களிக்கு ஜெர்மன் மொழியில் என்ன பெயர்?

“அக்கா, களிக்கு ஜெர்மன்ல என்ன பேரு?”

எட்டாம் வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து வந்த கேள்வி இது. கேட்கப்பட்டவர் எங்கள் பள்ளியின் பழைய மாணவி. செவிலியர் பட்டயப் படிப்பை முடித்துவிட்டு, ஜெர்மனியில் பணிக்குச் செல்வதற்காக அந்நாட்டு மொழியைப் படித்துக்கொண்டிருக்கிறார். பள்ளியைப் பார்க்க வந்தவரை ஒரு பாடவேளை மாணவர்களிடம் பேசச் சொல்லியிருந்தேன். ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி என்று இருபது சொற்களை மளமளவென்று சொல்லி வந்தவர், இந்தக் கேள்வியில் நின்றுவிட்டார்.

வகுப்பு முடிந்ததும் அவர் சொன்னார்: “பேசும் பயிற்சியிலயும் இப்படித்தான் சார் நின்னேன். காலையில என்ன சாப்பிடுவீங்கன்னு கேட்டாங்க. மனப்பாடம் பண்ணினபடி ரொட்டின்னு சொல்லிட்டேன். எதோட சேர்த்துச் சாப்பிடுவீங்கன்னு அடுத்த கேள்வி. எங்க வீட்டுல என்னைக்கு ரொட்டி சாப்பிட்டோம், சொல்றதுக்கு?”

அந்தப் பதில் எனக்கு ஒரு பாடமாக அமைந்தது. தன் தட்டில் இருப்பதைச் சொல்லத் தெரியாத மொழி வாயில் நிற்பதில்லை. அடுத்த வாரங்களில், அந்த மாணவியின் உதவியோடு, மன்றப் பாடவேளைகளில் நான்கு வகுப்புகளாக இதை நடத்திப் பார்த்தேன். மற்ற பள்ளிகளுக்கும் பயன்படும் என்பதால் அதன் அமைப்பை இங்கே தருகிறேன்.

ஏன் இந்தப் பாடம்?

தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் செவிலியர்களுக்கு ஜெர்மன் மொழிப் பயிற்சி அளித்து வருகிறது. ஐரோப்பிய மொழித் தகுதி ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஆறு நிலைகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஜெர்மனியில் முழுத் தகுதி பெற்ற செவிலியராகப் பணியாற்றப் பொதுவாக பி2 நிலை தேவைப்படுகிறது. முதல் படியான ஏ1 தேர்வின் பேச்சுப் பகுதியில், ‘உண்பதும் பருகுவதும்’ போன்ற தலைப்பும் ஒரு சொல்லும் எழுதிய அட்டையைக் கொடுப்பார்கள். அச்சொல்லை வைத்து ஒருவர் கேள்வி கேட்க வேண்டும், மற்றவர் விடை சொல்ல வேண்டும். அங்கேதான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

எல்லா மாணவரும் ஜெர்மனிக்குப் போகப்போவதில்லை. ஆனால் இன்னொரு மொழியின் வழியாகத் தமிழின் அமைப்பை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது எல்லோருக்கும் பயன் தரும்.

“எனக்கே ஜெர்மன் தெரியாதே” என்று தயங்க வேண்டாம். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியரான சீகன்பால்கு, தமிழ் கற்பதற்காகத் திண்ணைப் பள்ளிக் குழந்தைகளோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். பத்தே ஆண்டுகளில், 1716இல், அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. குழந்தைகளோடு சேர்ந்து கற்பது ஆசிரியருக்குக் குறைவு இல்லை.

முதலில் ஒலி

தமிழ் எழுத்தில் ஜெர்மன் ஒலிகளை முழுமையாகக் காட்ட முடியாது. ஆகவே உயர்தொழில்நுட்ப ஆய்வகத்திலோ திறன் பலகையிலோ ஒலிப்பதிவைக் கேட்கச் செய்வது கட்டாயம். அதோடு மூன்று குறிப்புகள் உதவும்.

ஒன்று: ‘ப்ரோட்’ (ரொட்டி) என்பதில் முதல் ஒலி ‘பாபு’ என்ற பெயரில் வரும் ப. ‘படம்’ என்பதில் வரும் ப அன்று.

இரண்டு: ‘ஃப்ரூஷ்டுக்’ (காலை உணவு) என்பதில் வரும் ஊ, உ ஆகிய இரண்டும் நம் ஊ, உ அல்ல. நாக்கை ‘ஈ’ சொல்வதுபோல் வைத்துக்கொண்டு, உதட்டை ‘ஊ’ சொல்வதுபோல் குவிக்க வேண்டும். வகுப்பே சிரித்துக்கொண்டு செய்யும் பயிற்சி இது.

மூன்று: ‘மில்ஹ்’ (பால்), ‘இஹ்’ (நான்) ஆகியவற்றின் இறுதி ஒலி, பூனை மெல்லச் சீறுவது போன்ற காற்றொலி.

எளிய சொல் ஒன்றில் தொடங்கினால் அச்சம் போய்விடும். முட்டைக்கு ஜெர்மன் மொழியில் ‘ஐ’. நம் உயிரெழுத்து ஐ அப்படியே. முதல் நிமிடத்திலேயே எல்லோரும் ஒரு ஜெர்மன் சொல்லைச் சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

முதல் பாடவேளை: வேளைகள்

கரும்பலகையில் மூன்று வட்டங்கள் வரைந்து, காலை, மதியம், இரவு என்று எழுதுங்கள். அந்தந்த வேளையில் நேற்று என்ன சாப்பிட்டார்கள் என்பதை மாணவர்களையே வந்து எழுதச் சொல்லுங்கள். அதன்பிறகு ஜெர்மன் பெயர்களைத் தாருங்கள்.

மதிய உணவு ‘மிட்டாக்-எஸ்ஸன்’. மிட்டாக் என்றால் நண்பகல், எஸ்ஸன் என்றால் உணவு. இரவு உணவு ‘ஆபன்ட்-எஸ்ஸன்’. ஆபன்ட் என்பது மாலை முதல் படுக்கைக்குப் போகும் வரையிலான நேரம். காலை உணவு ‘ஃப்ரூஷ்டுக்’. ஃப்ரூ என்றால் விடியல் வேளை, ஷ்டுக் என்றால் துண்டு. விடியலில் உண்ணும் ஒரு துண்டு ரொட்டியிலிருந்து பிறந்த பெயர்.

இங்கே நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள்: “நம் பள்ளியில் காலையில் போடும் பொங்கலை ஃப்ரூஷ்டுக் என்று சொல்லலாமா?” சொல்லலாம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் வரும் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் காலை உணவுதான். வேளையின் பெயர் பொது, தட்டில் இருப்பது ஊருக்கு ஊர் வேறு.

இந்த வேறுபாடு சிறிதன்று. இரவு உணவுக்கு ஜெர்மனியில் ‘ஆபன்ட்-ப்ரோட்’ என்ற பெயரும் உண்டு. மாலை ரொட்டி என்பது பொருள். அடுப்பு மூட்டாமல், ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, ஊறவைத்த வெள்ளரி என்று குளிர்ந்த உணவாகவே பல வீடுகளில் முடித்துக்கொள்கிறார்கள். சுடச்சுடச் சமைத்த உணவு வழக்கமாக மதியத்துக்கு உரியது. முதியோர் இல்லத்தில் பணியாற்றப் போகும் நம் பெண், மாலையில் குளிர்ந்த ரொட்டி பரிமாறப்படுவதைக் கண்டு “ஐயோ, இவர்களைக் கவனிக்க ஆளில்லை” என்று நினைத்துவிடக் கூடாது. சொல்லோடு வழக்கத்தையும் சேர்த்துக் கற்பித்தால்தான் சொல் முழுமை பெறும்.

இரண்டாம் பாடவேளை: தட்டில் உள்ளவை

இருபது சொற்கள் போதும். அவற்றை நம் சந்தையிலிருந்தே எடுங்கள். பாலக்கோடு தக்காளி ‘டொமாட்டெ’. ஒகேனக்கல் மீன் ‘ஃபிஷ்’. மாம்பழம் ‘மங்கோ’. நம் மாவட்டத்துக்குப் பேர் வாங்கித் தந்த புளி ‘தமரிண்டெ’. அரிசியும் சோறும் ‘ரைஸ்’. பால் ‘மில்ஹ்’. தண்ணீர் ‘வஸ்ஸர்’. உப்பு ‘ஸல்ட்ஸ்’. சர்க்கரை ‘ட்ஸுக்கர்’. வெங்காயம் ‘ட்ஸ்வீபெல்’. இஞ்சி ‘இங்வர்’. பருப்பு வகைக்கு ‘லின்ஸன்’. தேநீர் ‘டே’. கேழ்வரகு ‘ஃபிங்கர்-ஹிர்ஸெ’.

சில சொற்களுக்குப் பின்னால் பயணக் கதைகள் உண்டு. மங்கோ என்பது நம் மாங்காயிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாகப் போன சொல். இங்வர் பல மொழிகளைக் கடந்து போனது, அதன் வேரில் இஞ்சி இருக்கிறது. ட்ஸுக்கரும் சர்க்கரையும் ஒரே வடமொழிச் சொல்லின் வழிவந்தவை. தமரிண்டெ என்பது ‘இந்தியப் பேரீச்சை’ என்று பொருள்படும் அரபுப் பெயர். உலகப் படத்தில் நூல் கட்டி இந்தப் பயணங்களைக் காட்டினால் சமூக அறிவியல் பாடமும் உடன் வந்துவிடும்.

சொற்களைப் பிரித்துப் பார்ப்பது அடுத்த செயல்பாடு. நிலக்கடலைக்கு ஜெர்மன் மொழியில் ‘ஏர்ட்-நுஸ்’. ஏர்ட் என்றால் நிலம், நுஸ் என்றால் கொட்டை. நாம் நிலத்தையும் கடலையையும் சேர்த்ததுபோலவே அவர்களும் சேர்த்திருக்கிறார்கள். ஃபிங்கர் என்றால் விரல், ஹிர்ஸெ என்றால் சிறுதானியம். கேழ்வரகின் கதிர் விரல் மடக்கியதுபோல் இருப்பதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இச்சொல் மறக்காது. தக்காளிக் குழம்பு என்பதில் குழம்புதான் தலைமைச் சொல். ஜெர்மன் மொழியிலும் அப்படியே, கடைசிச் சொல்லே தலைமை. மாம்பழச் சாறு ‘மங்கோ-ஸாஃப்ட்’ என்றால் அது ஒரு வகை ஸாஃப்ட், அதாவது சாறு.

பால் பாகுபாடு பற்றியும் ஒரு சொல். நமக்குச் சாப்பாட்டுப் பொருள்கள் எல்லாம் அஃறிணை, எல்லாம் ‘அது’. ஜெர்மன் மொழியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பால், பெண்பால், பொதுப்பால் என ஒன்று உண்டு. அதைக் காட்ட டேர், டீ, டஸ் என்ற சொற்கள் முன்னால் வரும். ஒரே மேசையில் கரண்டி ‘டேர் லோஃபெல்’, முள்கரண்டி ‘டீ காபெல்’, கத்தி ‘டஸ் மெஸ்ஸர்’. ஏன் என்று கேட்டால் காரணம் இல்லை. ‘டேர் ரைஸ்’, ‘டீ மில்ஹ்’, ‘டஸ் வஸ்ஸர்’ என்று முன்சொல்லோடு சேர்த்தே பழக்க வேண்டும். அட்டைகளில் நீலம், சிவப்பு, பச்சை என மூன்று வண்ணம் கொடுத்தால் கண் நினைவில் வைத்துக்கொள்ளும்.

மூன்றாம் பாடவேளை: கேட்கவும் மறுக்கவும்

சொல் பட்டியலோடு நின்றால் பயனில்லை. பரிமாறும் விளையாட்டாக இதை நடத்துங்கள். நால்வர் உட்காரட்டும், இருவர் பரிமாறட்டும்.

கேள்வி: “வஸ் எஸ்ஸன் ஸீ ட்ஸும் ஃப்ரூஷ்டுக்?” காலை உணவுக்கு என்ன சாப்பிடுகிறீர்கள்?
விடை: “இஹ் எஸ்ஸெ பொங்கல்.” நான் பொங்கல் சாப்பிடுகிறேன்.
பரிமாறுபவர்: “மோஹ்டன் ஸீ ரைஸ்?” சோறு வேண்டுமா?
வேண்டுமென்றால்: “யா, பிட்டெ.”
வேண்டாமென்றால்: “நைன், டங்கெ.”

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. டங்கெ என்றால் நன்றி. ஆனால் உணவை நீட்டும்போது வெறுமனே ‘டங்கெ’ என்று சொன்னால், ‘வேண்டாம்’ என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். மரியாதைக்கு நன்றி சொல்லிவிட்டுக் காத்திருப்பவர் தட்டு காலியாகவே இருக்கும். வேண்டும் என்றால் ‘பிட்டெ’ சொல்ல வேண்டும். பரிமாறும் விளையாட்டில் இந்த ஒன்றை மட்டும் பத்து முறை செய்து பழகட்டும்.

இன்னொரு பக்கம், நம் இலையில் மிக முக்கியமான சொல் ‘போதும்’. அதற்கு ஜெர்மன் மொழியில் ‘கெநூக்’. வயிறு நிறைந்துவிட்டது என்பதற்கு ‘இஹ் பின் ஸட்’. ஆங்கிலத்தில் சொல்வதை அப்படியே மாற்றி ‘இஹ் பின் ஃபோல்’ என்று சொன்னால், பேச்சுவழக்கில் ‘நான் குடித்திருக்கிறேன்’ என்று பொருள்பட்டுவிடும். ஆங்கிலத்தில் பரிசைக் குறிக்கும் ‘கிஃப்ட்’, ஜெர்மன் மொழியில் நஞ்சு. ஆங்கிலத்தின் தோளில் ஏறிப் போகும்போது வரும் இடறல்கள் இவை.

தமிழின் தோளில் ஏறிப் போனால் சில இடங்கள் எளிதாகின்றன. நமக்கு நீ, நீங்கள் என்ற வேறுபாடு உண்டு. ஜெர்மன் மொழியிலும் ‘டூ’, ‘ஸீ’ என்று உண்டு. ஆங்கிலத்தில் அது இல்லை. “எனக்கு ருசிக்கிறது” என்பதற்கு “எஸ் ஷ்மெக்ட் மிர்”. மிர் என்றால் ‘எனக்கு’. நான்காம் வேற்றுமையை அறிந்த நம் மாணவருக்கு இது ஒரே நிமிடத்தில் புரிகிறது. “இஹ் மோஹ்டெ பொங்கல் எஸ்ஸன்” என்பதில் ‘சாப்பிட’ என்ற சொல் நம்மைப் போலவே கடைசியில் போய் நிற்கிறது. எல்லா இடத்திலும் இப்படி ஒத்துப்போகாது. “எனக்குப் பசிக்கிறது” என்பதற்கு, “நான் பசி கொண்டிருக்கிறேன்” என்பதுபோல, “இஹ் ஹாபெ ஹுங்கர்” என்கிறார்கள். ஒத்ததையும் ஒவ்வாததையும் இரு பத்திகளாகப் பலகையில் எழுதச் செய்வது நல்ல இலக்கணப் பயிற்சி.

விளித்தலில் ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிடுங்கள். முதியவரைப் பாட்டி என்று அழைப்பது நமக்கு அன்பு. அங்கே தமக்கு உறவல்லாத முதியவரை ‘ஓமா’ (பாட்டி) என்று செவிலியர் அழைப்பது மரியாதைக் குறைவாகக் கருதப்படும். குடும்பப் பெயருக்கு முன்னால் பெண்களுக்கு ‘ஃப்ரௌ’, ஆண்களுக்கு ‘ஹேர்’ சேர்த்து, ‘ஸீ’ என்றே பேச வேண்டும்.

நான்காம் பாடவேளை: கஞ்சிப் பானையின் கதை

கிரிம் சகோதரர்கள் தொகுத்த ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளில் 103ஆவது கதை ‘இனிப்புக் கஞ்சி’. பசியால் வாடிய ஒரு சிறுமிக்குக் காட்டில் ஒரு மூதாட்டி சிறு பானை ஒன்றைக் கொடுக்கிறாள். ‘சமை’ என்றால் அது இனிப்பான சிறுதானியக் கஞ்சியைப் பொங்கித் தரும். ‘நில்’ என்றால் நிற்கும். மகள் வெளியே போயிருந்த நாளில் தாய் பானையைச் சமைக்கச் சொல்கிறாள். நிறுத்தும் சொல் அவளுக்குத் தெரியாது. கஞ்சி வீட்டை நிரப்பி, தெருவை நிரப்பி, ஊரையே மூடுகிறது. மகள் திரும்பி வந்து ஒரு சொல் சொன்னதும் நிற்கிறது. ஊருக்குள் வர விரும்புகிறவர்கள் கஞ்சியைத் தின்று வழி உண்டாக்கிக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

நம் பிள்ளைகள் உடனே மணிமேகலையின் அமுதசுரபியை நினைவுகூர்ந்தார்கள். நான் வேறொன்றைக் கேட்டேன்: “அந்தப் பானையில் வெந்தது என்ன?” ஹிர்ஸெ, சிறுதானியம். அக்கதையில் வரும் கஞ்சியின் பெயர் ‘ஹிர்ஸெ-ப்ரை’. உருளைக்கிழங்கு பரவுவதற்கு முன் ஜெர்மனியின் எளிய மக்களின் வயிற்றை நிரப்பியவற்றில் சிறுதானியக் கஞ்சியும் ஒன்று. 1756இல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரீட்ரிஹ் உருளைக்கிழங்கு பயிரிட ஆணையிட்டார். காலப்போக்கில் சிறுதானியம் அவர்கள் தட்டிலிருந்து ஒதுங்கியது. நம் ஊரிலும் அரிசி வந்து களியை ஒதுக்கிய கதையைத் தாத்தா பாட்டிகள் சொல்வார்கள். 2023இல் தருமபுரி, நீலகிரி மாவட்ட நியாயவிலைக் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கியதையும் சேர்த்துப் பேசினோம்.

அப்போதுதான் முதல் நாள் கேள்விக்கு விடை கிடைத்தது. களிக்கு ஜெர்மன் மொழியில் தனிப் பெயர் இல்லை. ஆனால் சொல்ல முடியும். ‘ப்ரை’ என்றால் கஞ்சி, கூழ். ‘அவுஸ்’ என்றால் ‘இன்னதால் ஆன’. “களி இஸ்ட் ஐன் ஃபெஸ்டர் ப்ரை அவுஸ் ஃபிங்கர்-ஹிர்ஸெ.” களி என்பது கேழ்வரகால் ஆன கெட்டியான கூழ். அதே அச்சில் மாணவர்களே வார்த்தார்கள்: “பொங்கல் இஸ்ட் ஐன் ப்ரை அவுஸ் ரைஸ் உண்ட் லின்ஸன்.” சாம்பாருக்கு ‘ஸுப்பெ’ என்ற சொல்லைக் கொடுத்தவுடன் அதற்கும் ஒரு வாக்கியம் தயாரானது. உணவின் பெயரைத் தமிழிலேயே வைத்துக்கொண்டு, அதை விளக்க மட்டும் பிறமொழியைப் பயன்படுத்தும் துணிவு அவர்களுக்கு வந்தது.

மதிப்பீடு

எழுத்துத் தேர்வு வேண்டாம். மூன்று செயல்கள் போதும். தன் வீட்டு உணவு ஒன்றை ‘அவுஸ்’ வாக்கியத்தால் விளக்க வேண்டும். பரிமாறும்போது சரியாக ஏற்கவும் மறுக்கவும் வேண்டும். ஐந்து பொருள்களை முன்சொல்லோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். தொடக்க நிலை வகுப்புகளுக்கு ஐ, மில்ஹ், வஸ்ஸர், ரைஸ், மங்கோ ஆகிய ஐந்து சொற்களும் பிட்டெ, டங்கெ விளையாட்டும் மட்டுமே போதுமானவை.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. ஒரே நாளில் இருபது சொற்களைத் திணிக்க வேண்டாம். நம் உணவை ‘கிராமத்துச் சாப்பாடு’ என்று தாழ்த்தியோ, அவர்கள் உணவை ‘ஆறிப்போன ரொட்டி’ என்று கேலி செய்தோ பேச வேண்டாம். ஒலியில் ஐயம் வந்தால் ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

கதையில் வரும் தாய்க்குத் தொடங்கும் சொல் தெரிந்திருந்தது, நிறுத்தும் சொல் தெரியவில்லை. பட்டியலை மனப்பாடம் செய்தவரின் நிலையும் அதுதான். கேட்கவும், ஏற்கவும், போதும் என்று சொல்லவும், நான் உண்பது இது என்று எடுத்துரைக்கவும் தெரிந்தால்தான் வேற்று நாட்டு மேசையில் நம் பிள்ளை கூச்சமின்றி உட்கார முடியும்.

அந்தப் பழைய மாணவி அடுத்த முறை பேசும் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து தொலைபேசியில் அழைத்தார். காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று மறுபடியும் கேட்டார்களாம். “களின்னு சொன்னேன் சார். அப்படின்னா என்னன்னு கேட்டாங்க. சொல்லிட்டேன்.”